மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரு பேராசிரியர் பதவி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஆரம்பப் பிரிவில் படிப்பித்த, படிப்பிக்கின்ற பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டையொட்டி நடந்துவரும் துறைசார் உரைகளில் வைத்தியம் பற்றி ஒருவர், பொறியியல் பற்றி ஒருவர், சட்டம் பற்றி ஒருவர் எனப் பேசிவிட்டார்கள். ஆரம்பக் கல்வி பற்றி யார் பேசுவது என்று செயற்குழு கேட்டபோது எங்களுக்குள் ஒருவரைத் தெரிந்தெடுக்க முடியவில்லை. ஆகவே ஆறு பேர் கூடியிருந்து எழுதினோம். வாசிக்கும் குரல் ஒன்று, சொல்வது ஆறு பேர். நால்வர் இன்னமும் வகுப்பில் நிற்கிறோம். இருவர் இளைப்பாறிவிட்டோம், ஆனாலும் பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சென்ற வருடம் உயர்தர மாணவியருக்கான தொழில் வழிகாட்டல் நாளில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சின்ன வகுப்புக் கணிதத்தைப் படிப்பிச்சு, அதிலேயே ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வரலாமோ?" மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பிள்ளை இருந்துவிட்டாள். அன்று மேடையில் வைத்தியரும் பொறியியலாளரும் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு உரிய ஆள் எவரும் இல்லை. இன்று நாங்கள் விடை சொல்கிறோம். வரலாம். வந்திருக்கிறார்கள். அதுவும் உலகறிந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமொன்றில் வந்திருக்கிறார்கள். அப்படி வந்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கற்பித்தல் என்ற விடயத்துக்கென்றே நிரந்தரமான பேராசிரியர் பதவியொன்றை 1879இல் உண்டாக்கிய பல்கலைக்கழகம் அது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறவர்களைப் பயிற்றும் வேலை பெரும்பாலும் அங்கே நடக்கவில்லை. அயலூரான இப்சிலாண்டியில் 1849இல் நிறுவப்பட்ட ஆசிரியர் கலாசாலை அதற்கு இருந்தது. பெரிய வகுப்பும் பாடசாலை நிருவாகமும் பல்கலைக்கழகத்துக்கு, சின்ன வகுப்பு கலாசாலைக்கு. இந்தப் பங்கீடு எங்களுக்குப் புதிதல்ல. கோப்பாய்க்கும் பலாலிக்கும் கலாசாலை போய் வந்த எங்கள் அக்காமாருக்குச் சொல்லாமலே விளங்கும்.

அந்த மாநிலத்தின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகம் ஈஸ்ட் லான்சிங் நகரில் உள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் குழம்பவேண்டாம்; இரண்டும் வேறு வேறு. எங்கள் கதை தொடங்குவது இந்த இரண்டாவதில். டெபோரா லோவன்பெர்க் போல் என்ற பெண் அங்கே பட்டத்துக்குப் படித்த பாடம் பிரெஞ்சு மொழி. பின் எழுபதுகளின் நடுப்பகுதியில் அதே ஊரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையானார். கணிதம் அவருடைய துறை அல்ல. படிப்பித்தது பிள்ளைகளின் மனதில் நிற்காமல் போவதைப் பார்த்துப் பார்த்து, தன்னுடைய கணித அறிவு போதாதென்று கண்டு, வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்துக் கணித வகுப்புகளில் போய் இருந்தார். அப்படிப் போனவர் 1988இல் கலாநிதிப் பட்டம் பெற்று அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் நிலைக்கு வந்தார்.

இங்கேதான் வழக்கமாகக் கதை முடியும். எங்கள் நாட்டிலும் சரி, அங்கேயும் சரி, பல்கலைக்கழகத்துக்குப் போன ஆசிரியை வகுப்பறைக்குத் திரும்புவதில்லை. திரும்பினால் பதவி உயர்வு இல்லை. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேருபவர் பொதுவாக ஆறேழு வருடங்களுக்குள் தன் ஆராய்ச்சியைக் காட்டி நிரந்தரமாக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். கட்டுரை வேண்டும், நூல் வேண்டும், ஆராய்ச்சி நிதி வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்த மணித்தியாலங்களை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

டெபோரா போல் அந்த மணித்தியாலங்களையே ஆராய்ச்சியாக்கினார். 1989-90 கல்வியாண்டு முழுவதும் அவர் ஒரு மூன்றாம் வகுப்புக்கு நாளாந்தம் கணிதம் படிப்பித்தார். அதே பாடசாலையில் அவருடைய சக ஆய்வாளர் மக்டலீன் லம்பேர்ட் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தார். இரண்டு வகுப்புகளும் அந்த வருடம் முழுக்க ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் செய்யப்பட்டன. பிள்ளைகளின் கொப்பிகளும் ஆசிரியைகளின் நாட்குறிப்புகளும் சேர்த்து வைக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த வெளிநாட்டவரின் பிள்ளைகள் பலர் படித்த பாடசாலை அது. பல நாடு, பல மொழி. ஆங்கிலம் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒருவரை மறந்துவிடக் கூடாது. கணிதம் தவிர்ந்த மற்றப் பாடங்களையெல்லாம் படிப்பித்து, தன் வகுப்பைக் கமராவுக்குத் திறந்துவிட்ட வகுப்பாசிரியை ஒருவர் அங்கே இருந்தார். பேராசிரியரின் பெயர் உலகம் முழுக்கப் போயிற்று. எங்கள் கண் அந்த வகுப்பாசிரியை மீது போவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

1990 ஜனவரியில் அந்த மூன்றாம் வகுப்பில் நடந்த ஒரு பாடம், ஆசிரியர் கல்வி படிக்கும் எவரும் அறிந்ததாகிவிட்டது. ஒற்றை எண், இரட்டை எண் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஆய்வில் ஷோன் என்று பெயர் இடப்பட்ட பையன், ஆறு ஒற்றையாகவும் இருக்கலாம், இரட்டையாகவும் இருக்கலாம் என்றான். நாங்கள் என்றால் என்ன செய்திருப்போம்? "இல்லை மகன், ஆறு இரட்டை எண், இரு" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், கண்காணிப்புக்கு ஆள் வரும்.

அந்த ஆசிரியை ஏன் என்று கேட்டார். ஆறில் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றை எண்தானே என்பது பையனின் நியாயம். வகுப்பு கொதித்தது. மே என்று ஆய்வில் அழைக்கப்படும் பெண்பிள்ளை எழும்பி, அப்படியானால் பத்திலும் ஐந்து இரண்டுகள் இருக்கின்றனவே, அதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும், இப்படியே போனால் எல்லா எண்களும் ஒற்றையும் இரட்டையுமாகிவிடும், பிறகு இந்த வாதமே எதற்கு என்று மடக்கினாள். பையன் அசரவில்லை. பத்தும் அப்படித்தான் என்று அவளுக்கு நன்றி சொன்னான்!

வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், அங்கே இரண்டு கணித விடயங்கள் நடந்தன. ஒன்று, வரைவிலக்கணம் என்றால் என்ன, அது ஏன் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது. மற்றது, பையன் கண்டுபிடித்த எண்கள் உண்மையிலேயே ஒரு தனி இனம். 2, 6, 10, 14, 18... நான்கால் வகுக்க இரண்டு மிஞ்சும் எண்கள். ஆசிரியை இரண்டையும் கைவிடவில்லை. இரட்டை எண்ணின் வழமையான வரைவிலக்கணத்தை வகுப்பு உறுதிப்படுத்திக்கொண்டது; அதோடு அந்த இனத்துக்கு "ஷோன் எண்கள்" என்று பெயரும் சூட்டப்பட்டது. பிள்ளைகள் அவற்றின் கோலங்களைத் தேடத் தொடங்கினார்கள்.

இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டவில்லை. பிழையைப் பிழை என்று சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்று கண்டித்தவர்கள் உண்டு. எங்களுக்குள்ளும் அந்த வாதம் நடந்தது. ஆறு பேரில் ஒருவர் இன்னமும் அந்தப் பக்கம்தான். டெபோரா போல் அதற்கு வாயால் மட்டும் பதில் சொல்லவில்லை. பிறகு வகுப்புக்கு ஒரு சிறு பரீட்சை வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒற்றை, இரட்டை எண்களைச் சரியாக இனங்கண்டு காரணமும் எழுதியிருந்தார்கள். 90 என்பது ஒரு ஷோன் எண். அதை ஒற்றையும் இரட்டையும் சேரும் இடத்தில் ஒரு பிள்ளைகூடப் போடவில்லை. இதையெல்லாம் சேர்த்து 1993இல் அவர் எழுதிய கட்டுரை, இன்றும் வாசிக்கப்படுகிறது.

1996இல் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நடந்ததுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி. ஹைமன் பாஸ் என்று ஒரு கணித மேதை. அட்சரகணிதத்தின் மிக உயர்ந்த பிரிவுகளில் ஆராய்ச்சி செய்தவர், நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் இருந்தவர், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைவராகவும் பின்னர் இருந்தவர். அவர் அந்த மூன்றாம் வகுப்பு ஒளிப்பதிவுகளை டெபோரா போலோடு சேர்ந்து இருந்து பார்த்தார். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகவில்லை. 1999இல் தானே மிச்சிகனுக்கு வந்து, கணிதத் துறையிலும் கல்விப் பீடத்திலும் சேர்த்துப் பதவி ஏற்றார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை செய்கிற வேலைக்குள் எந்தக் கணிதம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது இருவரின் கூட்டுவேலையாயிற்று.

என்ன கணிதம் அது? 307இலிருந்து 168ஐக் கழிக்க வேண்டும். விடை 139. இது தெரிய ஆசிரியையாக இருக்கத் தேவையில்லை; சந்தையில் மரக்கறி விற்கிறவருக்கும் தெரியும். ஒரு பிள்ளை 261 என்று எழுதுகிறது. பிழை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை எப்படி 261க்குப் போனது? ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது: மூன்றில் ஒன்று போக இரண்டு, ஆறில் பூச்சியம் போக ஆறு, எட்டில் ஏழு போக ஒன்று. இந்த 261 அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் வரும் உதாரணம். எங்கள் வகுப்புகளில் 49 என்றும் வரும். அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் பத்தினிடத்தில் பூச்சியத்தைக் கண்டதும் ஒன்றினிடத்துக்கும் நேரே நூறினிடத்திலிருந்து ஒன்றை எடுக்கிறது, பத்தினிடத்துக்கும் இன்னொன்றை எடுக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சிவப்புப் புள்ளடிதான் விழும். ஆனால் முதற் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு, இரண்டாம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. இதைப் பார்த்த அரை நிமிடத்தில் பிரித்தறிவது ஒரு கணித அறிவு. பொறியியலாளருக்கு அது தேவையில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. ஆசிரியைக்கு அது இல்லாமல் முடியாது.

லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர், பாட அறிவுக்கும் கற்பித்தல் முறைக்கும் இடையில் ஆசிரியருக்கே உரிய ஓர் அறிவு உண்டு என்று 1986இல் எழுதியிருந்தார். டெபோரா போலும் அவரது குழுவினரும் அதைக் கணிதத்தில் அளந்து காட்டினார்கள். அந்த அறிவைச் சோதிக்கும் வினாக்களை ஆக்கி, ஹெதர் ஹில், பிரையன் றோவன் ஆகியோருடன் 115 ஆரம்பப் பாடசாலைகளில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அந்த வினாக்களுக்கு நன்றாக விடையளித்த ஆசிரியர்களிடம் படித்த முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வருட முடிவில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். முதலாம் வகுப்பிலும்! அங்கே ஒன்று, இரண்டு எண்ணுவதுதானே, யார் படிப்பித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

இந்தக் கதையில் கிளைக்கதை ஒன்று உண்டு. அது எங்கள் பக்கத்து ஆசியப் பெண்ணுடையது. லிபிங் மா, சீனாவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஷாங்காயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பாடசாலைச் சிறுமி. அங்கே அவரையே ஆசிரியையாக்கினார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, டெபோரா போல் சம்பந்தப்பட்டிருந்த ஆய்வில் உதவியாளராக ஆசிரியர்களின் விடைகளை வகைப்படுத்தும் வேலை செய்தார். அதில் வந்த கேள்வியொன்றை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். வகுத்த பிறகு, அந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதை சொல்ல வேண்டும்.

விடை மூன்றரை. கதைதான் சிக்கல். ஒன்றே முக்கால் கேக்கை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் என்று தொடங்கினீர்களா? அது இரண்டால் வகுப்பது. தமிழில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. அரையால் வகுப்பதும் அரைவாசியாகப் பிரிப்பதும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒன்றே முக்கால் கிலோ சீனி இருக்கிறது, அரைக் கிலோப் பைகளாகக் கட்டினால் எத்தனை பை? மூன்று பையும் அரைப் பையும். இதுதான் கதை. மாகாணியும் அரைக்காலும் வாயில் புழங்கிய எங்கள் பாட்டிமார் இதைக் கடைவாசலில் நின்றே சொல்லியிருப்பார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. லிபிங் மா ஒப்பிட்டதில், அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் ஒருவர்தான் பொருந்தும் கதை சொன்னார். சீன ஆசிரியர் 72 பேரில் 65 பேர் சொன்னார்கள். அந்தச் சீனத்து ஆசிரியர்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் அல்லர். ஆனால் கூடியிருந்து பாடநூலை வரிவரியாக ஆராய்வது அவர்களது அன்றாட வேலையின் பகுதி. இந்த ஒப்பீடு 1999இல் நூலாக வந்தபோது, சண்டை பிடித்துக்கொண்டிருந்த கணிதவியலாளரும் கல்வியியலாளரும் ஒருமித்துப் பாராட்டிய நூலாயிற்று.

டெபோரா போல் 2005 முதல் 2016 வரை மிச்சிகன் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்தார். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சங்கத்துக்கும் தலைவரானார். ஆனாலும் கோடை விடுமுறையில் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிப்பதை அவர் விடவில்லை. வளர்ந்தவர்கள் சுற்றியிருந்து பார்க்க, பின்னர் கேள்வி கேட்க, பகிரங்கமாகப் படிப்பிக்கிறார். சங்கத் தலைவராக 2018இல் ஆற்றிய உரையில் அந்த வகுப்பிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான துண்டொன்றைப் போட்டுக் காட்டினார். எண்கோட்டில் 1/3 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுமி 1/7 என்று எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, தலைமயிரைச் சுருட்டிக்கொண்டே, ஏன் ஏழிலொன்று என்று கேட்கிறாள். இருவரும் கறுப்பினப் பிள்ளைகள். இந்தக் குறுகிய நேரத்துக்குள் ஆசிரியை முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இருபது இருந்தனவாம். அந்தச் சிரிப்பை ஒழுங்கீனம் என்று எடுத்துப் பிள்ளையை அடக்குவதா, அவள் கேட்டது நல்ல கணிதக் கேள்வி என்று எடுப்பதா? அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமியரை அடக்குகிற வழக்கம் நீண்டது. இங்கே யாரை அடக்குகிறோம் என்று நாங்கள் பெயர் சொல்லவில்லை. ஆனால் பின்வாங்கில் இருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லா ஆசிரியைகளுக்கும் தெரியும்.

இது எல்லாம் வசதியுள்ள நாட்டின் கதை என்பீர்கள். உண்மை. எங்கள் வகுப்புகள் பெரிது, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தலைக்கு மேலே நிற்கிறது, ஆராய்ச்சி நிதி என்பது கேள்விப்பட்ட சொல். ஆனால் 49 என்று எழுதுகிற பிள்ளை இங்கேயும் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றிய அறிவு இந்த மண்டபத்தில் இருக்கிற நாற்பது ஐம்பது ஆசிரியைகளின் தலைக்குள் இருக்கிறது. எழுதப்படவில்லை. ஓய்வூதியக் கடிதத்தோடு அது வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவே செயற்குழுவிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நிதியிலிருந்து வைத்திய, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கப்போவதாக அறிந்தோம். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை, ஆரம்ப வகுப்புக் கணிதத்தில் கல்வி முதுமாணியோ முதுதத்துவமாணியோ செய்ய விரும்பும் ஆசிரியை ஒருவருக்கு ஒதுக்குங்கள். வகுப்பை விட்டு வெளியேறாமல், வகுப்பையே ஆய்வாகச் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். "இவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்துப்போட்டுச் சின்ன வகுப்புக்கோ" என்று கேட்கிற தாய்மாருக்கு அப்போது காட்டுவதற்கு ஒரு கடிதமாவது இருக்கும்.

நிதி வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்த தவணை தொடக்கம், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பப் பிரிவு மண்டபத்தில் கூடப்போகிறோம். பெயர்களை மறைத்து, மூன்றாம் தரக் கொப்பிப் பக்கங்களை மேசையில் பரப்பி வைத்து, பிள்ளை எப்படி யோசித்தது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் வேலை. மற்றப் பாடசாலை ஆசிரியைகளும் வரலாம். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் மாணவிகளும் வரலாம். சென்ற வருடம் கேள்வி கேட்ட தங்கை கட்டாயம் வர வேண்டும். முதல் நாளுக்குக் கழித்தல், நடுவில் பூச்சியம் வரும் எண்கள். கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள், தேநீர் எங்கள் பொறுப்பு.